மோச்சே குடுவைகளில் கடற்சிங்கமும் கட்டுண்ட மானும்

கேள்வி இதுதான்: தென் அமெரிக்காவின் பழைய மண்கலங்களில் ஆந்தை, நரி, பாம்பு, கடற்சிங்கம் என்று எங்கு பார்த்தாலும் விலங்குகளாக இருக்கின்றனவே, அவை அந்த மக்கள் கும்பிட்ட தெய்வங்களா, வேட்டையாடித் தின்றவையா, இல்லை வெறும் அழகுக்காகவா?

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எதையும் எடுக்க மாட்டேன். கலத்தில் என்ன விலங்கு இருக்கிறது என்பதைவிட அந்த விலங்கு அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தால்தான் விடை கொஞ்சமாவது பிடிபடும். கண்டம் பெரியது, பண்பாடுகளும் பல. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் விளங்காது. அதனால் பெருவின் வடகடலோரத்தில் கி.பி. 100 வாக்கிலிருந்து 800 வாக்கு வரை வாழ்ந்த மோச்சே மக்களைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். விலங்கை அவர்களைப்போல உற்றுப் பார்த்து வனைந்தவர்கள் அந்தக் கண்டத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் உண்டு. கலத்தில் தீட்டியிருப்பதை மண்ணுக்கடியில் கிடைத்த சான்றோடு வைத்துச் சரிபார்க்கும் வாய்ப்பு அவர்கள் விஷயத்தில் நமக்கு ஓரளவு கிடைத்திருக்கிறது.

முதலில் நிலம். பெருவின் கடற்கரை மழையே அறியாத பாலை. ஆனால் தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டத்தால் எதிரே இருக்கும் கடலில் மீன் கொழிக்கிறது. ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் பாலையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. மோச்சே, சிக்காமா, லம்பாயெக்கே போன்ற அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மோச்சே மக்கள் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் பருத்தியும் விளைவித்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல் நினோ வந்தால் கடல் சூடேறும், மீன் விலகும், பாலையில் பேய்மழை கொட்டி வாய்க்கால்களை அடித்துச் செல்லும். இந்த மழை பின்னால் முக்கியமாக வரும்.

அவர்களிடம் குயவர் சக்கரம் கிடையாது. உருவக் கலங்களை பெரும்பாலும் அச்சில் செய்தார்கள். சுட்ட மண்ணாலான இரண்டு பாதி அச்சுகளின் உட்புறத்தில் ஈரக் களிமண்ணை விரலால் அழுத்துவார்கள். அது சற்று இறுகியதும் இரண்டு பாதிகளையும் ஒட்டி, ஒட்டிய இடத்தை வெளிப்புறத்தில் வழித்துத் தேய்த்து மறைப்பார்கள். உடைந்த கலத்தின் உட்புறத்தைப் பார்த்தால் அந்த ஒட்டுவரியும் விரல் தடங்களும் இன்றும் தெரியும். அதன் தலையில் தனியாகச் செய்த குழாயைப் பொருத்துவார்கள். குதிரைச் சேணத்தின் அங்கவடிபோல இரண்டு கிளையாக எழும்பி வளைந்து மேலே ஒரே வாயில் சேரும் குழாய் அது. தூக்குவதற்குப் பிடியாகவும் ஆகும். வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் எளிதில் ஆவியாகாது. வெண்களிக் குழம்பும் செங்காவியும் பூசி, மெருகு தேய்த்து, திறந்த நெருப்பில் சுட்டார்கள். ரஃபாயேல் லார்கோ ஒய்லே என்ற பெருவிய ஆய்வாளர் 1948-இல் இந்தக் குழாயின் வடிவ மாற்றத்தை வைத்தே மோச்சே கலங்களை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். அதில் இப்போது பல திருத்தங்கள் வந்துவிட்டன என்றாலும், பேச்சு இன்னமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொடக்கக் கட்டங்களில் விலங்கே குடுவையாக இருக்கும். உடல்தான் வயிறு, முதுகில் குழாய். இந்த வாத்துகளையும் கிளிகளையும் தேரைகளையும் பார்த்தால் செய்தவர் விலங்கை அருகிலிருந்து பார்த்தவர் என்பதில் சந்தேகமே வராது. மஸ்கவி வாத்தின் முகத்தில் இருக்கும் சதைப்பருக்கள்கூடத் தவறுவதில்லை. பிந்திய கட்டங்களில் உருண்டைக் குடுவையின் மேல் மெல்லிய செங்கோடுகளால் முழுக் காட்சிகளையே வரைந்தார்கள். படம் குடுவையைச் சுற்றிப் போவதால் ஒரு புகைப்படத்தில் பாதிதான் தெரியும். டானா மெக்கிளெலண்ட் என்பவர் இவற்றைப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தட்டையான தாளில் விரித்து வரைந்து தந்தார். அந்தப் படிகள் இல்லாவிட்டால் இந்தத் துறையே இவ்வளவு நகர்ந்திருக்காது.

இப்போது கடற்சிங்கத்துக்கு வருகிறேன். கரையில் ஒதுங்கிய கடற்சிங்கங்களை ஆட்கள் தடியால் அடிக்கும் காட்சி மோச்சே ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கூர்ந்து பார்த்தால் சில விலங்குகளின் வாயருகே சிறு வட்டம் ஒன்று இருக்கும். மீன் இல்லை, குமிழியும் இல்லை. கடற்சிங்கங்கள் கரையில் கிடக்கும் கூழாங்கற்களை விழுங்கும் பழக்கம் உள்ளவை. அடிபடும்போது அந்தக் கற்கள் வெளியே வந்துவிடும். வட பெருவின் நாட்டு வைத்தியர்கள் கடற்சிங்கத்தின் வயிற்றுக்குள் இருந்த கல்லுக்கு நம் காலத்திலும் பெரும் மருத்துவ மதிப்பு தருவதை கிறிஸ்டோபர் டானன் என்ற ஆய்வாளர் இந்த ஓவியங்களோடு பொருத்திக் காட்டினார். அப்படியானால் அந்த வேட்டை இறைச்சிக்கும் தோலுக்குமான வேட்டை மட்டும்தானா? ஒரு சின்ன வட்டம் காட்சியின் பொருளையே திருப்பிவிடுகிறது. விலங்கின் இயல்பு தெரியாதவருக்கு அது ஓவியரின் கைப்பிழையாகக்கூடத் தோன்றியிருக்கும்.

மான் இன்னும் தெளிவான சான்று. மான் வேட்டைக் காட்சிகள் ஏராளம். ஆனால் வேட்டைக்காரர்களின் உடையைப் பாருங்கள்: உயர்ந்த தலையணி, காதணி, முகத்தில் வண்ணம். பிழைப்புக்காக வேட்டைக்குப் போகிறவன் இப்படி உடுத்திக்கொண்டு போக மாட்டான். கையில் இருப்பவை ஈட்டி எறிகருவியும் தண்டமும், அதாவது போர்க்கருவிகள். வலைகட்டி மானை உள்ளே விரட்டுகிறார்கள், நாயும் உடன் ஓடுகிறது. மோச்சே குடியிருப்புகளின் குப்பைமேடுகளைத் தோண்டினால் லாமா எலும்பும், மீன்முள்ளும், மட்டி ஓடும், கினிப்பன்றி எலும்பும்தான் குவியலாகக் கிடைக்கின்றன. மான் எலும்பு அரிது. ஆக, அவர்கள் சாப்பாட்டுக்கு மானை நம்பியிருக்கவில்லை. மேட்டுக்குடியினர் சடங்காக ஆடிய வேட்டை இது.

அதற்கு அடுத்தபடி இன்னொரு வகைக் கலம் வருகிறது. மான் மனிதனைப்போல உட்கார்ந்திருக்கிறது, உடலில் துணி இல்லை, கழுத்தில் கயிறு, கைகள் முதுகுக்குப் பின்னால். மோச்சே கலையில் போரில் பிடிபட்ட வீரனை இதே கோலத்தில்தான் காட்டுவார்கள். ஆடையும் ஆயுதமும் பறிக்கப்பட்டு, கழுத்தில் கயிறோடு இழுத்து வரப்படுவான். மானும் போர்க்கைதியும் அவர்கள் மனத்தில் ஒரே தட்டில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. டானன் இந்த இரண்டு காட்சி வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆயுதம், உடை, பிடிபடும் விதம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை மோச்சே விலங்குகளைப் பற்றிய வாதங்களில் இதுதான் உறுதியானது.

கைதிக்கு அப்புறம் என்ன ஆகும் என்பதையும் கலங்களே சொல்கின்றன. பல குடுவைகளில் ஒரே காட்சி சின்னச் சின்ன மாற்றங்களோடு வருகிறது. கீழே கைதிகளின் கழுத்து அறுக்கப்படுகிறது. அறுப்பவர்களில் பூனைக்குலத்து விலங்கின் தலையோடு மனித உடல் கொண்டவர்களும் உண்டு. மேலே கதிர் வீசும் ஒரு தலைவனுக்குக் கோப்பை நீட்டப்படுகிறது. நீட்டுபவர்களில் ஒருவர் பாதிப் பறவை, ஆந்தை அடையாளம் கொண்டவர். அடுத்து ஒரு பெண். டானன் 1970-களில் இந்தக் காட்சியில் வருபவர்களுக்கு எழுத்துக் குறியிட்டு வகைப்படுத்தினார். அப்போது பலரும் இதைத் தெய்வங்களின் கதை, புராணம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

1987-இல் லம்பாயெக்கே பகுதியில் சிபான் என்ற சிற்றூர் அருகே கொள்ளையர்கள் ஒரு மண்மேட்டைக் குடைந்து தங்கத்தை அள்ளிக்கொண்டிருந்தபோது செய்தி போலீசுக்குப் போனது. போலீஸ் தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வாவை அழைத்தது. அவர் தோண்டிய முதல் கல்லறையில் இருந்த மனிதர், அணிகலன் அணிகலனாக, ஓவியத்தில் கோப்பை வாங்கும் அந்தக் கதிர்த் தலைவனோடு பொருந்தினார். அடுத்த கல்லறையில் கிடைத்தவரின் தலையணியில் ஆந்தை, கைவசம் கோப்பை. 1991-இல் சான் ஹோசே தெ மோரோவில் காட்சியின் பெண்ணுக்குரிய அணிகளோடு புதைக்கப்பட்ட ஒருத்தி கிடைத்தாள். ஓவியத்தில் பாதிப் பறவையாக இருந்தது ஒரு பதவி. அந்தக் கோலத்தை அணிந்து நடமாடிய மனிதர்கள் உண்மையில் இருந்திருக்கிறார்கள்.

பலியும் கட்டுக்கதை இல்லை. த்ருஹில்யோ நகருக்கு அருகே உவாக்கா தெ லா லூனா என்ற, சுடாத மண்கற்களால் கட்டிய கோயிலின் பின்முற்றத்தில் ஸ்டீவ் பூர்ஜே என்ற தொல்லியலாளர் 1995-இல் தோண்டத் தொடங்கியபோது எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. கழுத்து எலும்புகளில் வெட்டுக்கோடுகள். ஆறிய பழைய எலும்புமுறிவுகள் பலரிடம் இருந்தன, அதாவது சண்டைக்குப் பழகிய உடம்புகள். சிலர் கிடந்தது மழைச்சேற்றில். ஆண்டுக்கணக்கில் மழை பெய்யாத அந்தப் பாலையில் சேறு என்றால் அது எல் நினோ மழைதான்.

இந்தப் பின்னணியோடு மறுபடி விலங்குகளைப் பாருங்கள். ஆந்தை இருட்டில் ஓசையில்லாமல் இரையைத் தூக்குவது. வௌவாலைக் கையில் கத்தியும் வெட்டிய தலையுமாகக் காட்டுகிறார்கள். கட்டிவைத்த கைதியின் முகத்தைக் கழுகுகள் கொத்துகின்றன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிலந்தி. சிலந்தி வலை விரித்துப் பிடிக்கும், பிடித்ததை இழையால் கட்டும், பிறகு உள்ளிருக்கும் நீரை உறிஞ்சும். மோச்சே வீரன் கைதியைப் பிடித்து, கயிற்றால் கட்டி, கடைசியில் அவன் இரத்தம் கோப்பையில் ஏறும். சிபானின் இன்னும் பழைய கல்லறை ஒன்றில் பத்துத் தங்கச் சிலந்திகளைக் கோத்த கழுத்தணி கிடைத்தது, ஒவ்வொரு சிலந்தியின் முதுகிலும் ஒரு மனித முகம். மோச்சேவுக்குப் பல நூற்றாண்டு முந்திய கூபிஸ்நிக்கே மக்களும் அதே கடலோரத்தில் வெட்டிய தலைகளோடு சிலந்தியைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே இது மோச்சேக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஒப்புமை இல்லை, வழிவழியாக வந்தது.

இதற்காக எல்லா விலங்கையும் பலிமேடைக்கு இழுத்துவிடவும் கூடாது. ஆந்தைமுகப் பெண்கள் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கும் கலங்களும் இருக்கின்றன. ரீங்காரச் சிட்டுத் தலையோடும் நரித்தலையோடும் ஓட்டக்காரர்கள் கையில் சிறு பை ஏந்தி மணல்வெளியில் வரிசையாக ஓடுகிறார்கள். அந்தக் காட்சிகளில் புள்ளியும் கோடும் இட்ட அவரை விதைகள் அடிக்கடி வருவதால் அது ஒருவகை எழுத்து என்று லார்கோ வாதிட்டார். அந்த வாதம் நிலைக்கவில்லை. பேரோந்தி ஒன்று தலையணியும் தோள்பையுமாக, சுருக்கம் விழுந்த முகமுடைய ஒரு நாயகனுக்குத் துணையாகவே எல்லா இடத்துக்கும் போகிறது. அடக்கக் காட்சியில் சவப்பெட்டியைக் கயிறுகட்டிக் குழிக்குள் இறக்குவதும் இந்த இருவர்தான். இவர்களுக்கென்று ஒரு நீண்ட கதை இருந்திருக்கும். எழுத்து இல்லாததால் கதை போய்விட்டது, பாத்திரங்கள் மட்டும் நின்றுவிட்டார்கள். அந்த நாயகனை 'ஐ அபயெக்' என்று பல நூல்கள் சொல்லும். அது லார்கோ வைத்த பெயர், அதே கடலோரத்தில் பேசப்பட்டு, பல நூற்றாண்டுகள் கழித்துப் பதிவான முச்சிக் மொழியிலிருந்து எடுத்தது. மோச்சே மக்கள் அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

ஒரு விளக்கத்தை மட்டும் எச்சரிக்கையோடு படிக்கச் சொல்வேன். கடற்சிங்கம் கடலுக்கும் கரைக்கும் நடுவே, தேரை நீருக்கும் நிலத்துக்கும் நடுவே, வௌவால் பகலுக்கும் இரவுக்கும் நடுவே, ஆகவே இவை இரண்டு உலகங்களை இணைக்கும் விலங்குகள் என்று எழுதுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த விலங்கைக் கொடுத்தாலும் ஏதாவது இரண்டுக்கு நடுவே அதை நிறுத்திவிடலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. கூழாங்கல்லும் கழுத்துக்கயிறும் சொல்வதுபோல இது எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை.

அங்கே இல்லாத விலங்குகள் எப்படி வந்தன என்பது நல்ல கேள்வி. கடலோரப் பாலைக்குக் குரங்கு சொந்தமில்லை. ஜாகுவாரின் காடு மலைக்கு அப்பால். ஆண்டிஸ் மலைமேல் சாவின் தெ உவாந்தர் கோயிலில் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஜாகுவார், கெய்மன் முதலை, பாம்பு, பெருங்கழுகு எல்லாம் கல்லில் செதுக்கப்பட்டுவிட்டன. பெருவின் தொல்லியலுக்கு அடித்தளமிட்ட ஹூலியோ தெய்யோ இதை வைத்துத்தான் அந்த நாகரிகத்தின் வேர் அமேசான் காட்டில் இருக்கிறது என்றார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது இன்றைய பொதுக்கருத்து. காட்டோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது, இறகும் கதையும் மலை ஏறி வந்தன, அதுவே போதும். கடல்வழியாகவும் வந்திருக்கின்றன. மோச்சே கலையில் சங்குக்குள்ளிருந்து வெளியே எட்டிப்பார்க்கும் ஒரு பூத விலங்கு உண்டு. அந்தச் சங்கு எக்குவடோர்ப் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் வாழ்வது, மோச்சே கடலின் குளிரில் வராது. தொலைவிலிருந்து வந்த பொருளுக்குள் இல்லாத விலங்கைக் குடியேற்றியிருக்கிறார்கள்.

பெருவின் தென்கடலோரத்து நாஸ்கா பண்பாட்டுக்குப் போனால் எல்லாம் மாறிவிடுகிறது. காலம் ஏறத்தாழ அதேதான், கி.மு. கடைசியிலிருந்து கி.பி. 700 வாக்கு வரை. ஆனால் அங்கே அச்சு இல்லை, உருவச்செதுக்கலும் குறைவு. வண்ணம்தான் எல்லாம். சுடுவதற்கு முன்பே பலவகை நிறக் களிக்குழம்புகளைத் தீட்டுவார்கள். ஒரே கலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறங்கள்கூட உண்டு. மெருகு இன்றும் மங்கவில்லை. நாஸ்காவின் தலையாய விலங்கு ஓர்கா, அதாவது கொலைகாரத் திமிங்கலம். தொடக்கத்தில் அது அடையாளம் காணக்கூடிய ஓர்காதான், ஆனால் துடுப்பிருக்கும் இடத்தில் ஒரு மனிதக் கை முளைத்து வெட்டிய தலையைப் பிடித்திருக்கும். நாளாக நாளாக உடல் சுருங்கி, கடைசியில் இரத்தம் படிந்த திறந்த வாய் மட்டும் மிஞ்சுகிறது. பழைய கலங்களின் வரிசை தெரியாதவருக்கு அது திமிங்கலம் என்றே தெரியாது. நாஸ்கா புதைகுழிகளில் உண்மையான வெட்டுத்தலைகளே கிடைக்கின்றன. நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்து, உதடுகளை முள்ளால் குத்தி மூடிய தலைகள். ஓர்காவின் கையில் இருப்பதும் கற்பனை இல்லை.

அதே நாஸ்காவில் இன்னொரு முகமும் உண்டு. உடலில் புள்ளிகள் கொண்ட ஒரு பூனை, கையில் மிளகாயும் கிழங்கும் காய்களுமாக வருகிறது. ஜாகுவார் அளவுக்குப் பெரியதில்லை. வயலோரங்களில் எலி பிடித்துத் திரியும் சிறு காட்டுப்பூனையாக இருக்கலாம் என்கிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது. விளைச்சலைக் காக்கும் விலங்கின் கையில் விளைச்சலைக் கொடுத்திருக்கிறார்கள். நாஸ்கா சமவெளியில் தரையில் கீறிய பெரும் உருவங்களில் வரும் ரீங்காரச் சிட்டும், குரங்கும், ஓர்காவும் கலங்களிலும் வருகின்றன. தரைக்கோடுகளின் வயதைக் கணிக்க உதவிய சான்றுகளில் இந்த ஒற்றுமையும் ஒன்று.

கண்ணால் மட்டும் பார்த்தால் போதாத கலங்களும் இருக்கின்றன. எக்குவடோரின் சொர்ரேரா மக்களிடமும், பின்னால் பெருவின் விகூஸ், சிமூ மக்களிடமும் விசில் குடுவைகள் உண்டு. இரண்டு அறைகள், அடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைக்கும். ஒன்றில் நீர் ஊற்றும் வாய், இன்னொன்றின் உச்சியில் பறவையோ குரங்கோ. அந்த உருவத்துக்குள் ஒரு சிறு ஊதல் மறைந்திருக்கும். பாதி நீர் நிரப்பிச் சாய்த்தால் நீர் ஒரு அறையிலிருந்து மற்றதற்குப் பாய்ந்து அங்கிருந்த காற்றைத் தள்ளும், பறவை கூவும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும்போது இந்த விஷயமே நம் கவனத்துக்கு வருவதில்லை.

கண்டத்தின் பிற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமேசான் முகத்துவாரத்தில் மராஜோ தீவு மக்கள் இறந்தவர்களின் எலும்புகளை இட்ட பெரிய தாழிகளில் பாம்பும் தேளும் நெளிகின்றன. வடமேற்கு அர்ஜென்டினாவின் சாந்தா மரியா தாழிகள் குழந்தைகளைப் புதைத்தவை. அவற்றில் தேரையும் பாம்பும் நெருப்புக்கோழி போன்ற ரியா பறவையும் வருகின்றன. மழைக்கு ஏங்கும் வறண்ட பள்ளத்தாக்கு அது என்பதால் இவற்றை மழையோடு சேர்த்துப் படிக்கிறார்கள். மோச்சே தேரைக்கும் அந்தத் தேரைக்கும் ஒரே பொருள் இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டரும் சில நூற்றாண்டுகளும் இருக்கின்றன.

மேற்கொண்டு நீங்களே பார்க்க விரும்பினால் லிமாவில் லார்கோ அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். அங்கே காட்சிக்கூடத்தோடு சேர்த்துச் சேமிப்பு அறைகளையும் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கலங்கள் பொருள்வாரியாகத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருப்பதால் ஒரே விலங்கின் பல வடிவங்களை ஒரே இடத்தில் ஒப்பிடலாம். போக முடியாதவர்களுக்கு அவர்களின் சேகரிப்புப் பட்டியல் படங்களோடு இணையத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அருங்காட்சியகங்களில் இருக்கும் மோச்சே கலங்களில் பெரும்பங்கு புதைகுழிக் கொள்ளையர் கைமாறி வந்தவை. எந்தக் குழியில், யார் அருகில், என்னென்னவற்றோடு கிடந்தன என்ற விவரம் அவற்றுக்கு இல்லை. அதனால் படத்தின் கீழே 'ஜாகுவார் தெய்வம்' என்று ஒரு குறிப்பு இருந்தால், அந்தக் கலம் முறையான அகழாய்வில் கிடைத்ததா என்று முதலில் பாருங்கள்.